வானிலிருந்து இறங்கும் ரகசியச் சாவி: செயற்கைக்கோள் வழி குவாண்டம் தகவல்தொடர்பு

2016 டிசம்பர் 19. பெய்ஜிங்குக்கு வடகிழக்கே மலைப்பகுதியில் இருக்கும் சிங்லோங் வானாய்வகம். நள்ளிரவு தாண்டிய நேரத்தில் அடிவானத்துக்கு மேலே ஒரு செயற்கைக்கோள் எழுந்தது. தரையிலிருந்து ஒரு சிவப்பு லேசர் அதை நோக்கிப் போனது. மேலிருந்து ஒரு பச்சை லேசர் இறங்கியது. இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்ட பிறகு, 273 விநாடிகளுக்கு, அதாவது நாலரை நிமிடத்துக்கு, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஒளி வானிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த ஒளி துடிப்பு துடிப்பாக வந்தது. ஒரு துடிப்புக்குச் சராசரியாக ஒரு ஃபோட்டான்கூட, அதாவது ஓர் ஒளித்துணுக்குகூடக் கிடையாது. அவ்வளவு மங்கலான ஒளி. செயற்கைக்கோள் மறுபக்கம் இறங்கி மறைந்தபோது, அதற்கும் தரைக்கும் பொதுவாக 3,00,939 பிட் நீளமுள்ள ஒரு ரகசியச் சாவி உருவாகியிருந்தது.

அந்தச் செயற்கைக்கோளின் பெயர் மிசியஸ். ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பதைச் சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் கவனித்துச் சொன்ன சீனச் சிந்தனையாளரின் பெயர் அது. ஒரு சாவியைக் கொண்டுவர ஏன் இத்தனை பாடு? அதற்கு ஏன் ஒற்றை ஒற்றை ஃபோட்டான்கள்? தரையிலேயே ஊரெல்லாம் கண்ணாடி இழைக் கேபிள் ஓடும்போது ஏன் வானத்துக்குப் போக வேண்டும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் விஷயம் முழுவதும் பிடிபட்டுவிடும். இயற்பியல் படித்திருக்க வேண்டும் என்றில்லை.

போவது செய்தி அல்ல, சாவி

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். குவாண்டம் தகவல்தொடர்பு என்றதும், நாம் அனுப்பும் செய்தியே ஏதோ மாயமாக ஒளியைவிட வேகமாகப் பறக்கிறது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. செய்தி எப்போதும் போல இணையத்திலேயே போகிறது. குவாண்டம் வழியில் உருவாவது, அந்தச் செய்தியைப் பூட்டவும் திறக்கவும் உதவும் சாவி மட்டும்தான்.

சாவி என்றால் என்ன? 0, 1 ஆகிய இரண்டும் எந்த ஒழுங்கும் இல்லாமல் கலந்து வரும் ஒரு நீண்ட வரிசை. அதில் வரும் ஒவ்வொரு 0 அல்லது 1-க்கும் பிட் என்று பெயர். செய்தி 1011, சாவி 0110 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மேலும் கீழும் ஒரே எண்ணாக இருந்தால் 0, வேறுவேறாக இருந்தால் 1 என்று எழுதுங்கள். 1101 வரும். இதை ஊரறிய அனுப்பலாம். சாவி வைத்திருப்பவர் அதே கணக்கை மறுபடி செய்தால் 1011 திரும்பக் கிடைக்கும். சாவி இல்லாதவருக்கோ 1101 என்பதிலிருந்து எந்த நான்கு பிட் செய்தியும் வந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் வாய்ப்பு சமம். சாவி முழுக்கத் தற்செயலானதாக, செய்தி அளவுக்கே நீளமானதாக, ஒரே ஒரு முறை மட்டும் பயன்படுத்தப்படுவதாக இருந்தால் இந்தப் பூட்டை யாராலும், எவ்வளவு பெரிய கணினியாலும் உடைக்க முடியாது. கிளாட் ஷானன் 1949-இல் இதைக் கணித முறையில் நிறுவிவிட்டார்.

ஆக, பூட்டு தயார். ஒரே சாவியை இரண்டு பக்கமும் வேறு யாருக்கும் தெரியாமல் கொண்டுசேர்ப்பதுதான் பாக்கி. கஷ்டமே அங்கேதான். இன்று நம் உலாவிகளும் செயலிகளும் இதற்குக் கணிதப் புதிர்களை நம்புகின்றன. மிகப் பெரிய ஓர் எண்ணை அதன் பகா எண்களாகப் பிரிப்பது கடினம் என்பது அவற்றில் ஒன்று. ஆனால் போதுமான அளவு பெரிய குவாண்டம் கணினி வந்துவிட்டால் அந்தப் புதிர் எளிதாகிவிடும் என்று பீட்டர் ஷோர் 1994-இலேயே காட்டிவிட்டார். அப்படிப்பட்ட கணினி இன்னும் வரவில்லைதான். ஆனால் இன்று பூட்டி அனுப்பும் தகவலை ஒருவர் அப்படியே சேமித்து வைத்துக்கொண்டு, கணினி வந்த பிறகு திறக்கலாமே? 20, 30 ஆண்டுகள் ரகசியமாக இருக்க வேண்டிய மருத்துவ, ராணுவ, தூதரக ஆவணங்களுக்கு இது இப்போதே இருக்கும் ஆபத்து.

பார்த்தால் மாறிவிடும் ஒளி

இங்கேதான் ஃபோட்டான் உதவிக்கு வருகிறது. ஒளியின் மிகச் சிறிய துணுக்கு அது. அதற்கு மேல் பிரிக்க முடியாது. ஒளி செல்லும்போது அதில் ஓர் அதிர்வுத் திசை இருக்கும்: மேலும் கீழுமாக அதிரலாம், இடம் வலமாக அதிரலாம், சாய்வாகவும் அதிரலாம். பாடப் புத்தகத்தில் தளவிளைவு என்ற தலைப்பில் படித்திருப்பீர்கள். கண்கூசாமல் இருக்கச் சிலர் அணியும் போலராய்டு கண்ணாடி, ஒரு திசையில் அதிரும் ஒளியை விட்டுவிட்டு, அதற்குச் செங்குத்தான திசையில் அதிர்வதைத் தடுத்துவிடுகிறது.

ஒரு ஃபோட்டானிடம் நாம் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும். "நீ நிமிர்ந்திருக்கிறாயா, படுத்திருக்கிறாயா?" என்று கேட்கலாம். அல்லது "வலப்பக்கம் சாய்ந்திருக்கிறாயா, இடப்பக்கமா?" என்று கேட்கலாம். சாய்ந்திருக்கும் ஃபோட்டானிடம் முதல் கேள்வியைக் கேட்டால், நாணயம் சுண்டியது போல ஏதோ ஒரு பதில் வரும். அதோடு அது பதில் சொன்ன நிலைக்கே மாறியும் விடும். முன்பு எப்படி இருந்தது என்ற சுவடே இருக்காது. சரி, முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் கேட்கலாம் என்றால், அதுவும் நடக்காது. நிலை தெரியாத ஒரு குவாண்டம் பொருளை அச்சு அசலாக நகலெடுக்க முடியாது என்பது 1982-இல் நிறுவப்பட்ட விதி. ஒரு நல்ல கருவி கண்டுபிடித்தால் இதைத் தாண்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம்; தடையாக இருப்பது கருவியின் திறமைக் குறைவு அல்ல, இயற்கையின் அமைப்பே அதுதான்.

இதை வைத்து ஒரு சாவி செய்யலாம் என்று சார்லஸ் பென்னட்டும் ஷில் பிரசாரும் 1984-இல் முன்வைத்தார்கள். அந்தக் கட்டுரை முதலில் வாசிக்கப்பட்டது பெங்களூரில் நடந்த ஒரு மாநாட்டில். அவர்கள் பெயரின் முதலெழுத்தும் ஆண்டும் சேர்ந்து அந்த முறைக்கு பிபி84 என்று பெயர் வந்தது. அதை நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் மிசியஸ் செய்ததும் அடிப்படையில் இதையேதான்.

அனுப்புபவர் அமுதா, பெறுபவர் பாரி என்று வைத்துக்கொள்வோம். அமுதா ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் இரண்டு முறை நாணயம் சுண்டுகிறார். முதல் சுண்டல், அனுப்ப வேண்டிய பிட் 0 அல்லது 1 என்று சொல்கிறது. இரண்டாவது சுண்டல், அதை நேர் முறையில் அனுப்புவதா, சாய்ந்த முறையில் அனுப்புவதா என்று சொல்கிறது. நேர் முறையில் படுத்திருந்தால் 0, நிமிர்ந்திருந்தால் 1. சாய்ந்த முறையில் வலப்பக்கம் 0, இடப்பக்கம் 1. பாரிக்கு இது எதுவும் தெரியாது. அவரும் ஒரு நாணயத்தைச் சுண்டி, வரும் ஃபோட்டானிடம் நேர்க் கேள்வி கேட்பதா, சாய்வுக் கேள்வி கேட்பதா என்று முடிவு செய்கிறார். எட்டு ஃபோட்டான்கள் போய்ச் சேர்ந்துவிட்டன என்றால், கணக்குப் புத்தகம் இப்படி இருக்கும்:

அமுதாவின் பிட்: 1, 0, 1, 1, 0, 0, 1, 0
அமுதாவின் முறை: நேர், சாய்வு, சாய்வு, நேர், சாய்வு, நேர், நேர், சாய்வு
பாரியின் முறை: நேர், நேர், சாய்வு, சாய்வு, சாய்வு, நேர், சாய்வு, சாய்வு

பிறகு இருவரும் சாதாரணத் தொலைபேசியிலோ இணையத்திலோ பேசிக்கொள்கிறார்கள். எந்தெந்த முறை என்று மட்டும் சொல்வார்கள். பிட் என்ன என்று வாயே திறக்க மாட்டார்கள். 1, 3, 5, 6, 8 ஆகிய இடங்களில் முறை ஒத்துப்போகிறது. அந்த இடங்களில் பாரிக்குக் கிடைத்தது அமுதா அனுப்பிய பிட்டேதான்: 1, 1, 0, 0, 0. மற்ற மூன்றையும் தூக்கிப் போட்டுவிடலாம். மிஞ்சிய ஐந்து பிட்தான் சாவியின் கச்சாப் பொருள். நீண்ட வரிசையாக அனுப்பும்போது ஏறக்குறைய பாதி இப்படிக் கழிந்துவிடும்.

நடுவில் ஒருவர் ஒட்டுக்கேட்டால்? ஃபோட்டானைப் பிடித்துக் கேள்வி கேட்டுவிட்டு, கிடைத்த பதிலுக்கு ஏற்ப ஒரு புது ஃபோட்டானைப் பாரிக்கு அனுப்பலாம். ஆனால் எந்தக் கேள்வி கேட்க வேண்டும் என்று அவருக்கும் தெரியாது. பாதி நேரம் தவறான கேள்வி கேட்பார். அப்போதெல்லாம் ஃபோட்டானின் நிலை குலைந்துவிடும். அதில் பாதி, பாரியிடம் தவறான பிட்டாகப் போய்ச் சேரும். மொத்தத்தில் நான்கில் ஒன்று பிழை. அமுதாவும் பாரியும் தங்கள் சாவியில் 72 பிட்களை எடுத்து வெளிப்படையாக ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும்: இப்படி எல்லா ஃபோட்டானையும் தொட்டுப் பார்த்த ஒருவர் ஒரு பிழைகூட விடாமல் தப்பிக்கும் வாய்ப்பு 100 கோடியில் ஒன்று. பிழை அதிகம் என்றால் அந்தச் சாவியைக் குப்பையில் போட்டுவிட வேண்டியதுதான். இழப்பு ஒன்றுமில்லை, செய்தி இன்னும் அனுப்பப்படவே இல்லையே. பூட்டைத் திருடன் தொட்டானா என்று, வீட்டில் பொருளை வைக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

இழையில் தேயும் ஒளி

1989-இல் முதல் சோதனை நடந்தபோது ஃபோட்டான்கள் கடந்த தூரம் சுமார் 32 சென்டிமீட்டர். அங்கிருந்து கண்ணாடி இழைக்குள் கொண்டுபோய், நகரத்துக்குள்ளும் நகரங்களுக்கு இடையிலும் இதைச் செய்து காட்டினார்கள். ஆனால் இழைக்கு ஒரு சாபம் உண்டு.

மிக நல்ல இழையில்கூட ஏறக்குறைய ஒவ்வொரு 15 கிலோமீட்டருக்கும் ஒளியில் பாதி கரைந்துவிடுகிறது. 15 கி.மீ.யில் பாதி, 30 கி.மீ.யில் கால், 45-இல் அரைக்கால். நம் இணையத்துக்கு இது ஒரு பொருட்டே அல்ல. வழியில் அங்கங்கே பெருக்கிகள் வைத்து ஒளியை மறுபடி வலுவாக்கிவிடுவார்கள். பெருக்குவது என்றால் என்ன? ஒன்றைப் பலவாக நகலெடுப்பது. ஃபோட்டானை நகலெடுக்க முடியாது என்று சற்றுமுன் பார்த்தோம். திருடனைத் தடுத்த அதே விதி இப்போது நம் கையையும் கட்டிப்போட்டுவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,200 கி.மீ. இழை என்றால் 80 முறை பாதியாக்க வேண்டும். விநாடிக்கு 1,000 கோடி ஃபோட்டான்களை ஓயாமல் அனுப்பினாலும், மறுமுனைக்கு ஒரே ஒரு ஃபோட்டான் வந்துசேர 30 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். கருவியை இரண்டு மடங்கு, நூறு மடங்கு மேம்படுத்தியெல்லாம் இதைச் சரிசெய்ய முடியாது.

வானத்தில் கதை வேறு. விண்வெளி வெறுமை, அங்கே ஒளியை விழுங்க ஒன்றுமில்லை. காற்று மண்டலத்தின் அடர்த்தியான பகுதி தரையை ஒட்டிய சுமார் 10 கி.மீ.தான். அந்தக் கொஞ்ச தூரத்தைத் தாண்டிவிட்டால் பாதை சுத்தம். அப்புறம் மிஞ்சுவது ஒரே இழப்பு: ஒளிக்கற்றை போகப் போக விரியும். மிசியஸின் கற்றை சாய்வாக 1,200 கி.மீ. தாண்டி வரும்போது சுமார் 12 மீட்டர் அகலத்துக்கு விரிந்திருந்தது. கீழே இருந்த தொலைநோக்கியின் அகலம் 1 மீட்டர். பரப்பளவை வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய 150-இல் ஒரு ஃபோட்டான் உள்ளே விழும். காற்றிலும் கருவியிலும் இன்னும் கொஞ்சம் போகும். போனாலும், லட்சக்கணக்கான ஆண்டுகள் எங்கே, விநாடிக்கு ஆயிரக்கணக்கான ஃபோட்டான்கள் எங்கே!

இன்னொன்றையும் கவனியுங்கள். வானில் தூரத்தை இரட்டிப்பாக்கினால் இழப்பு நான்கு மடங்காகிறது, அவ்வளவுதான். இழையில் தூரத்தை இரட்டிப்பாக்கினால், நூற்றில் ஒன்று வந்துகொண்டிருந்தது பத்தாயிரத்தில் ஒன்றாகிவிடும். மறுபடி இரட்டித்தால் பத்துக் கோடியில் ஒன்று. செயற்கைக்கோளை நாடியதற்கு முழுக் காரணமும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

அந்த 273 விநாடிகளில் நடந்தது

மிசியஸ் சுமார் 500 கி.மீ. உயரத்தில், விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. ஓடிக்கொண்டே ஒரு மெல்லிய கற்றையைத் தரையில் இருக்கும் ஒரு கண்ணாடியின் மேல் வைத்திருக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட தடுமாற்றம் எவ்வளவு தெரியுமா? ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு மில்லிமீட்டர், ஏறக்குறைய அந்த அளவு. சிவப்பு, பச்சை லேசர்கள் இதற்காகத்தான். தரையிலிருந்து வரும் சிவப்பைப் பார்த்துச் செயற்கைக்கோளும், மேலிருந்து வரும் பச்சையைப் பார்த்துத் தொலைநோக்கியும் இடைவிடாமல் தங்களைத் திருத்திக்கொள்கின்றன.

அதிலும் ஒரு நுணுக்கம். சிவப்பு ஒளி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அதே திசையில் திருப்பி அனுப்பினால் குறி தவறிவிடும். தலைக்கு நேர் மேலே இருக்கும்போது ஒளி போய்த் திரும்ப ஆகும் 3 மில்லிவிநாடிச் சொச்சத்தில் செயற்கைக்கோள் 25 மீட்டர் நகர்ந்துவிடுகிறது. அந்தத் தூரத்தில் கற்றையின் அகலமோ 5 மீட்டர்தான். ஓடும் ஆளுக்குப் பந்து எறியும்போது அவர் இருக்கும் இடத்துக்கு எறியாமல், வரப்போகும் இடத்துக்கு எறிகிறோம் அல்லவா? அதே போல ஒரு சின்னக் கோணத்தைக் கணக்கிட்டுச் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும்.

செயற்கைக்கோள் நகர நகர, கீழிருந்து பார்ப்பவருக்கு அதன் 'மேல்', 'கீழ்' சுழன்றுகொண்டே இருக்கும். அமுதா நிமிர்த்தி அனுப்பியது பாரிக்குச் சாய்ந்து தெரிந்தால் எல்லாமே பாழ். எனவே ஒளியின் பாதையில் வைத்த ஒரு தகட்டை மோட்டார் மூலம் திருப்பி, அந்தச் சுழற்சியை உடனுக்குடன் ஈடுகட்டினார்கள். இதெல்லாம் இரவில் மட்டுமே. பகலில் சூரிய வெளிச்சத்துக்கு நடுவே ஒற்றை ஃபோட்டானைத் தேடுவது மிகக் கடினம். மேகம் வந்தாலும் அன்றைய வேலை நின்றுவிடும்.

இப்போது அந்த இரவின் வரவு செலவைப் பார்ப்போம். லேசர் விநாடிக்கு 10 கோடித் துடிப்புகளை விட்டது. 273 விநாடிகளில் 2,730 கோடி. தரையில் பதிவானவை 35,51,136. இருவரின் முறையும் ஒத்துப்போய் மிஞ்சியது 16,71,072 பிட். அதில் பிழை சுமார் 1.1 விழுக்காடு. கருவிகளின் சிறு குறைகளாலும் தப்பி வந்த வெளிச்சத்தாலும் இந்த அளவு பிழை எப்போதும் இருக்கும். ஆனால் நாம் மிகக் கறாராக, இந்தப் பிழை முழுவதையும் ஒட்டுக்கேட்பவர் கணக்கில்தான் எழுத வேண்டும். அவருக்கு அதிகபட்சம் எவ்வளவு தெரிந்திருக்கலாம் என்று கணக்கிட்டு, அந்த அளவுக்கு மேலேயே சாவியைச் சுருக்கிப் பிழிந்து எடுத்ததில் கடைசியாக வந்ததுதான் 3,00,939 பிட்.

துடிப்பில் சராசரியாக ஒரு ஃபோட்டான்கூட இல்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். அதற்கும் காரணம் இருக்கிறது. லேசரிலிருந்து ஒரே ஒரு ஃபோட்டானை மட்டும் ஒழுங்காக வெளிவரச் செய்ய முடியாது. எவ்வளவு மங்கலாக்கினாலும் சில துடிப்பு காலியாகப் போகும், சிலவற்றில் இரண்டு இருந்துவிடும். இரண்டு இருந்தால் ஒட்டுக்கேட்பவர் ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம், பிழையே தெரியாது. இதற்கு மாற்றாக, உண்மைத் துடிப்புகளுக்கு நடுவே வேறு பிரகாசம் கொண்ட பொறித் துடிப்புகளைக் கலந்து அனுப்புகிறார்கள். எது எதுவென்று தெரியாத திருடன் இரண்டையும் ஒரே மாதிரி கையாள்வான். பிறகு எண்ணிப் பார்க்கும்போது விகிதம் குலைந்து மாட்டிக்கொள்வான். மிசியஸ் 0.8, 0.1, 0 என்ற மூன்று சராசரி ஃபோட்டான் அளவுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியது.

ஏன் மேலிருந்து கீழே? கீழிருந்து மேலே அனுப்பக்கூடாதா? அனுப்பலாம், ஆனால் இழப்பு அதிகம். வில்லை விட்டுக் கிளம்பும்போதே அம்பு ஆடினால் இலக்கைத் தவறவிடும். இலக்குக்கு ஒரு முழம் முன்னால் காற்றடித்தால் பெரிய வித்தியாசம் வராது. மேலிருந்து வரும் ஒளி கடைசி நிமிடத்தில்தான் காற்றைச் சந்திக்கிறது. கீழிருந்து போகும் ஒளியைக் காற்று தொடக்கத்திலேயே அலைக்கழித்துவிடுகிறது. அதனால்தான் மேல்நோக்கி அனுப்பும் சோதனைக்குத் திபெத்தின் ஙாரியில், 5,100 மீட்டர் உயரத்தில் நிலையம் அமைத்தார்கள். அங்கிருந்து 1,400 கி.மீ. தூரம் வரை ஃபோட்டானின் நிலையைச் செயற்கைக்கோளில் இருக்கும் இன்னொரு ஃபோட்டானுக்கு மாற்றிக் காட்டினார்கள். 32 நாள் முயற்சியில் வெற்றிகரமாகப் பதிவானவை 911.

செயற்கைக்கோளை நம்பலாமா?

இதுவரை சொன்னது செயற்கைக்கோளுக்கும் ஒரு நிலையத்துக்கும் இடையே உள்ள சாவி. இரண்டு நகரங்களுக்கு எப்படிப் பொதுச் சாவி கொடுப்பது? மிசியஸ் சிங்லோங்கைக் கடக்கும்போது ஒரு சாவியையும், வெகு தொலைவில் ஆஸ்திரியாவின் கிராட்ஸைக் கடக்கும்போது இன்னொரு சாவியையும் உருவாக்கியது. பிறகு இரண்டையும், நாம் முதலில் போட்ட அதே 0, 1 கணக்கில் கலந்து, விடையை வெளிப்படையாக வானொலியில் அறிவித்தது. ஒரு சாவியைக் கையில் வைத்திருப்பவரால் அந்த விடையிலிருந்து மற்றதைக் கண்டுபிடித்துவிட முடியும். வெளியாருக்கு அது வெறும் இரைச்சல். 2017 செப்டம்பர் 29 அன்று பெய்ஜிங்கிலிருந்த சீன அறிவியல் கழகத் தலைவர் பை சுன்லியும் வியன்னாவிலிருந்த ஆஸ்திரிய அறிவியல் கழகத் தலைவர் அன்டன் ஸைலிங்கரும் இப்படிப் பெற்ற சாவிகளின் காவலில் காணொளியில் பேசினார்கள். சிங்லோங்குக்கும் கிராட்ஸுக்கும் இடையே 7,600 கி.மீ.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு சாவியும் செயற்கைக்கோளுக்குத் தெரியும். அதை இயக்குபவர் நேர்மையானவர் என்று நம்பித்தான் ஆக வேண்டும். "உடைக்கவே முடியாது" என்று செய்தித் தலைப்புகளில் வரும்போது இந்த ஒரு வரி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அது எனக்கு வருத்தம்தான்; பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது யாரை நம்புகிறோம் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அந்த நம்பிக்கையும் தேவைப்படாத ஒரு வழி இருக்கிறது. ஒரு சிறப்புப் படிகத்தில் லேசரைச் செலுத்தினால், பின்னிப் பிணைந்த ஃபோட்டான் ஜோடிகள் பிறக்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றின் பதிலும் வெறும் தற்செயல். ஆனால் இரண்டிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால், எவ்வளவு தொலைவில் இருந்தாலும், பதில்கள் ஒன்றோடொன்று பொருந்திவரும். என்ன பதில் வரும் என்று யாராலும் கட்டுப்படுத்த முடியாது. அதனால் இதை வைத்து ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்ப முடியாது. ஆனால் இருபுறமும் ஒரே தற்செயல் வரிசை கிடைக்கிறதே, சாவிக்கு வேண்டியது அதுதானே! 1991-இல் ஆர்தர் எக்கர்ட் இந்த வழியை முன்வைத்தார். செயற்கைக்கோள் ஜோடிகளைப் பிரித்து இரு நிலையங்களுக்கும் அனுப்பினால் போதும்; சாவி தரையில்தான் பிறக்கிறது, மேலே இருப்பவருக்கு அது தெரியாது. அவர் ஏதாவது விளையாடியிருந்தால் பொருத்தம் குலைந்து காட்டிக்கொடுத்துவிடும். பொருத்தம் உண்மையிலேயே குவாண்டம் வகைதானா என்று பார்க்க பெல் சோதனை என்று ஒன்று இருக்கிறது. முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட பதில்களால் அதில் 2-க்கு மேல் மதிப்பெண் எடுக்க முடியாது. 2017-இல் சீனாவின் டெலிங்ஹாவுக்கும் லிஜியாங்குக்கும் இடையே, 1,203 கி.மீ. தொலைவில், மிசியஸ் ஜோடிகள் எடுத்தது 2.37.

விலைதான் அதிகம். இரண்டு ஃபோட்டானும் தப்பிப் பிழைத்து வர வேண்டும் என்பதால் இரண்டு பாதைகளின் இழப்பும் ஒன்றோடொன்று பெருகிவிடுகிறது. விநாடிக்கு 59 லட்சம் ஜோடிகள் கிளம்பின. இரண்டு பக்கமும் சேர்ந்து பதிவானது விநாடிக்கு ஏறக்குறைய ஒன்று. 2020-இல் இதே வழியில் 1,120 கி.மீ. இடைவெளியில் சாவி செய்தபோது வேகம் விநாடிக்கு 0.12 பிட். 256 பிட் சாவி ஒன்று கிடைக்க 35 நிமிடம் ஆகும். செயற்கைக்கோள் ஒரு முறை கடக்கும்போது கிடைப்பதோ ஐந்து நிமிடம்கூட இல்லை. ஆனாலும் நடுவில் யாரையும் நம்பாமல் இவ்வளவு தூரத்துக்கு ஒரு சாவி உருவானது மனித வரலாற்றில் அதுவே முதல் தடவை என்று நினைக்கும்போது அந்த 0.12 எனக்குச் சிறிய எண்ணாகத் தெரியவில்லை.

இன்று எங்கே நிற்கிறது

மிசியஸ் 600 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. 2022-இல் ஏவப்பட்ட ஜினான்-1 என்ற சிறிய செயற்கைக்கோளில் இதற்கான கருவியின் எடை வெறும் 23 கிலோ. தரை நிலையமும் சுமார் 100 கிலோவுக்குச் சுருங்கி, வேண்டிய இடத்துக்குத் தூக்கிப்போய் வைக்கும் அளவுக்கு வந்துவிட்டது. ஒரே கடப்பில் 10 லட்சம் பிட் வரை சாவி எடுத்ததையும், பெய்ஜிங்குக்கும் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்பாஷுக்கும் இடையே 12,900 கி.மீ. தாண்டிச் சாவி பகிர்ந்ததையும் 2025-இல் வெளியிட்டார்கள். சிங்கப்பூரின் ஸ்பூக்கி-1 என்ற கையடக்கமான செயற்கைக்கோள் 2019-இல் விண்வெளியிலேயே பின்னிய ஜோடிகளை உருவாக்கிக் காட்டியது. இந்தியாவில் இஸ்ரோ 2021-இல் 300 மீட்டர் திறந்தவெளியில் சாவிப் பரிமாற்றம் செய்தது. 2023-இல் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் இயக்கம், 2,000 கி.மீ. இடைவெளியில் உள்ள தரை நிலையங்களைச் செயற்கைக்கோள் வழியே இணைப்பதைத் தன் இலக்குகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.

இதற்கு ஒரு போட்டியாளரும் உண்டு. குவாண்டம் கணினியாலும் எளிதில் உடைக்க முடியாது என்று கருதப்படும் புதிய கணிதப் பூட்டுகளை அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தரநிலை அமைப்பு 2024 ஆகஸ்டில் தரநிலையாக அறிவித்தது. அவற்றுக்குச் செயற்கைக்கோளும் வேண்டாம், தொலைநோக்கியும் வேண்டாம். மென்பொருளை மாற்றினால் போதும். நம் அன்றாடப் பயன்பாட்டுக்கு அதுவே வரும், அதுவே சரியும்கூட என்பது என் எண்ணம். ஃபோட்டான் வழி, மிக நீண்ட காலம் காக்க வேண்டிய ரகசியங்களுக்கும், பிற்காலத்தில் குவாண்டம் கணினிகளையே ஒன்றோடொன்று இணைப்பதற்கும் உரியது.

கடைசியாக, பலர் கேட்க மறக்கும் ஒரு கேள்வி. அமுதாவும் பாரியும் முறைகளை ஒப்பிட்டுப் பேசும்போது, மறுமுனையில் இருப்பது உண்மையிலேயே பாரிதான் என்று அமுதாவுக்கு எப்படித் தெரியும்? இதை ஃபோட்டான் சொல்லாது. நடுவில் ஒருவர் உட்கார்ந்து, அமுதாவிடம் பாரியாகவும் பாரியிடம் அமுதாவாகவும் நடித்தால் அத்தனை இயற்பியலும் வீணாகிவிடும். எனவே அவர்களுக்கு இடையே அடையாளம் சொல்லும் ஒரு சிறு ரகசியம் முதலிலேயே இருந்தாக வேண்டும். செயற்கைக்கோள் என்றால் அதை ஏவுவதற்கு முன்பே, தரையில் இருக்கும்போதே உள்ளே எழுதி வைத்துவிடலாம். அந்தச் சில பிட்களைக் கொண்டு முதல் இரவு ஒருவரையொருவர் உறுதிசெய்துகொள்ளலாம். பிறகு புதிதாகக் கிடைக்கும் சாவியில் கொஞ்சத்தை எதற்கும் செலவழிக்காமல் எடுத்து வைக்க வேண்டும், அடுத்த இரவு செயற்கைக்கோள் அடிவானத்தில் எழும்போது அது அதேதானா என்று கேட்பதற்கு.